அசையாத குமிழி

வீட்டில் வேலைக் கதை கதைப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்ட புருஷன் பெண்சாதியை ஊர் மெச்சும். லக்சாயினியும் பிருந்தாபனும் அப்படி மெச்சப்பட்டவர்கள்தான். இருவருக்கும் சுவிஸின் லாங்கன்தாலில் ஒரே கம்பனி. வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற கமராவின் படத்தைக் கணினித் திரைக்குக் கொண்டுவரும் பெட்டியைச் செய்கிற சின்னக் கம்பனி. சேர்ந்த புதிதில், வீடு இருக்கிற ஆராவில் காலையில் ரயில் ஏறும்போது தொடங்குகிற வாக்குவாதம் இரவுச் சாப்பாடு வரைக்கும் நீளும். கடைசியில், வேலைக் கதை வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று இருவரும் முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்கியது.

கம்பனியிலும் அவர்கள் கதைப்பதில்லை. தம்பதி என்பதால் ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்கக்கூடாது என்று மேலாளர் முதலிலேயே சொல்லியிருந்தார். இதுகள் இரண்டும் அதற்கு மேலே ஒரு படி ஏறி நின்றன. தமிழ் ஆக்கள் இரண்டும் கூடிக் குசுகுசுக்குதுகள் என்று எவரும் சொல்லிவிடக்கூடாது என்று கோப்பி நேரத்தில்கூட வேறு வேறு மேசையில் இருந்தார்கள். ரோசத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

லக்சாயினியின் வேலை, பெட்டியைக் கணினியோடு பேசவைக்கிற டிரைவர் என்ற புரோகிராமை எழுதுவது. கமராப் பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே படங்கள் ஓடிவரும் பாதை ஒன்று உண்டு. கேபிள் தளர்ந்து அந்தப் பாதையில் பிழைகள் கூடினால், இணைப்பு முழுதாக அறுந்துபோகாமல் அவளுடைய டிரைவர் வேகத்தைக் குறைத்துவிடும். அப்படிக் குறைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட வைக்கும்வரை சில விநாடிகளுக்குப் படம் வராது. வேகம் குறைந்துவிட்டது என்று டிரைவர் கணினிக்குள் ஒரு செய்தியும் போடும். அந்தச் செய்தியை யார் கவனிப்பார்கள் என்று அவள் விசாரித்ததில்லை. திரையில் படத்தைக் காட்டுவது பிருந்தாபனுடைய புரோகிராம். அவனிடம் கேட்டால் ஒப்பந்தம் உடைந்துவிடும் அல்லவா.

இந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு வயிறு எரியத் தொடங்கியது. எரிச்சல் யாருக்குத்தான் இல்லை. ஆனால் அவளுடைய அப்பா உருத்திரமூர்த்தி இப்படி எரிகிறது எரிகிறது என்று சோடா குடித்துக்கொண்டு திரிந்துதான், வயிற்றின் மேல் மடிப்பில் புற்று முற்றிப் போனபிறகு பேர்ண் ஆஸ்பத்திரியில் படுத்தார். எழும்பவில்லை. அதனால் அவள் சோடாவைத் தொடாமல் நேரே வைத்தியரிடம் போனாள். குடும்ப வைத்தியர் குழாய் விட்டுப் பார்க்க ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்.

அவள் உள்ளே கூப்பிடப்பட்ட நேரம், அவளுக்கு முன்னால் அதே அறையில் சோதனை முடித்த ஒரு சுவிஸ் கிழவர் வெளியே வந்தார். மனைவியின் கையைப் பிடித்து, ஒன்றும் இல்லையாம், எல்லாம் சுத்தமாம் என்று சொன்னார். அந்த அம்மாவின் கண் கலங்கியது. லக்சாயினி தனக்கும் அதே சொல் கிடைக்கவேண்டும் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டாள். பிருந்தாபன் காத்திருக்கும் அறையில் இருந்தான்.

மயக்க மருந்து வேண்டாம் என்றாள். தன் வயிற்றைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற பிடிவாதம். உள்ளே போனால், தள்ளுவண்டியில் அவர்களுடைய கம்பனிப் பெட்டி. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட மேடையில் கண்ட மாதிரி அவளுக்கு ஒரு பூரிப்பு. அப்பாவின் கதையைக் கேட்ட டொக்டர் ஷ்டெட்லர் அம்மா, அந்த மேல் மடிப்பைக் கட்டாயம் நன்றாகப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்தார்.

வாயை மூடவிடாத கவ்வியைப் பல்லுக்கிடையில் வைத்துக் குழாயை விட்டார்கள். கண்ணீர் வழிய அவள் திரையையே பார்த்தாள். இளஞ்சிவப்புச் சுவர், மடிப்புகள், ஓரத்தில் ஒரு நுரைக் குமிழி. டொக்டர் குழாயை மேல் மடிப்புப் பக்கம் திருப்பினார். அந்த நேரம் தாதி ஒரு தட்டை எடுக்க வழிவிட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளினாள். லக்சாயினிக்கு ஓங்காளம் வந்தது. வயிறு முழுதும் குலுங்கியது. குழாய் உள்ளே நகர்வது தொண்டையில் தெரிந்தது.

திரையில் குமிழி அசையவில்லை.

வண்டி நகர்ந்ததும் கேபிள் ஆடியிருக்கிறது, டிரைவர் வேகத்தைக் குறைத்திருக்கிறது. அது அவள் எழுதியது, அவளுக்குத் தெரியும். ஆனால் படம் வராவிட்டால் திரை கறுக்கவேண்டும். இது ஏன் கறுக்கவில்லை? யாரோ கடைசியாக வந்த படத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். யாரோ என்ன யாரோ, வெளியே கதிரையில் இருக்கிற அவளுடைய புருஷன்தான்.

அவள் கையை உயர்த்தினாள். தாதி அந்தக் கையைப் பிடித்துத் தடவி, இப்போது முடிந்துவிடும் என்று ஆறுதல் சொன்னாள். படம் ஒரு துள்ளுத் துள்ளி வேறு இடத்துக்குப் போனது. குழாய் வெளியே வந்தது. மேல் மடிப்பும் பார்த்தாயிற்று, எல்லாம் சுத்தம் என்று டொக்டர் சிரித்தார். கேட்க நேர்ந்துகொண்ட சொல் அதுதான். இப்போது அவள் அதை நம்பவில்லை.

விறைப்பு மருந்தில் தொண்டை மரத்த குரலில், நீங்கள் மேல் மடிப்பைப் பார்க்கவில்லை, பழைய படத்தைப் பார்த்தீர்கள் என்றாள். டொக்டர் அவளைப் பாவமாகப் பார்த்தார். பயந்த சனம் எத்தனையைக் கண்டிருப்பார். தாதிதான் பெட்டிக்காகப் பரிந்து கதைத்தாள். முந்தித்தானாம் நடுவிலே திரை கறுத்துப் பயமுறுத்தும். இலையுதிர் காலத்தில் புரோகிராமின் புதுப் பதிப்பு வந்த பிறகு ஒருநாளும் கறுக்கவில்லையாம். கம்பனிக்கு நன்றிகூடச் சொன்னார்களாம்.

லக்சாயினி கட்டிலை விட்டு இறங்கினாள். கழுவிய குழாயின் கமரா முனைக்கு முன்னால் கையை விரித்துப் பிடிக்கும்படி டொக்டரைக் கேட்டாள். திரையில் ஐந்து விரல்களும் தெரிந்தன. அவள் வண்டியின் பின்னால் குனிந்து கேபிளை ஆட்டிவிட்டு, இப்போது கையை எடுங்கள் என்றாள்.

டொக்டர் கையை எடுத்துத் தன் மேலங்கிப் பைக்குள் விட்டார். திரையில் அந்த ஐந்து விரல்களும் விரிந்தபடி நின்றன. படத்திலிருந்து கை மறையும்வரை டொக்டர் தன் பையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து அறையில் வேறு கம்பனியின் பழைய இயந்திரம் ஒன்று இருந்தது. மறுபடியும் கவ்வி, மறுபடியும் குழாய். மேல் மடிப்பின் பின்னால், பயறளவில், வெளிறிய விளிம்போடு ஒரு புண் இருந்தது. புற்றா என்று பார்க்க அதிலிருந்து சதை கிள்ளி எடுத்தார்கள். முடிவு வர ஒரு கிழமை செல்லும். சிறிதாக இருக்கிறபடியால் எதுவானாலும் நேரத்தோடு கண்டதுதான் என்று டொக்டர் சொன்னார். லக்சாயினிக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சியில் அழுகையும் மறந்துபோகும்போல.

வெளியே வந்தவளைக் கண்டு பிருந்தாபன் எழும்பினான். ஏன் இவ்வளவு நேரம் என்றான்.

"படம் வராட்டி உங்கடை புரோகிராம் என்ன செய்யும்?"

அவன் திடுக்கிட்டான். ஒப்பந்தம் போட்ட பிறகு அவள் வேலையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. "பழைய படத்தைப் பிடிச்சு வைக்கும். கறுப்புத் திரையைக் கண்டா டொக்டர்மார் பயப்பிடுகினம் எண்டு முறைப்பாடு. ஒரு கணம்தானே எண்டு போட்டனான்."

"ஒரு கணமில்லை. வேகம் குறைஞ்சா என்ரை டிரைவர் சில விநாடி நிக்கும்."

"நீர் அதைச் சொல்லேல்லையே."

"நீங்கள் கேக்கேல்லையே."

பிறகு அவள் உள்ளே நடந்ததைச் சொன்னாள். விரல்களைச் சொன்னாள். பயறளவுப் புண்ணைச் சொன்னாள். பிருந்தாபன் அடிபட்டவன் மாதிரிக் கதிரையில் இருந்துவிட்டான். அவள் கையைப் பிடிக்கப் போனவன், பிடிக்கத் துணியாமல் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். எல்லாப் பெட்டியையும் நிறுத்தச் சொல்லவேணும் என்று போனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டான். நாங்கள் இரண்டு பேரும் செய்த பிழை என்று அவன் ஜெர்மனில் சொல்வது அவளுக்குக் கேட்டது.

அறையின் மூலையில், எல்லாம் சுத்தம் என்று கேட்ட அந்தக் கிழவரும் மனைவியும் இன்னும் இருந்தார்கள். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் கேக் வாங்கி ஒரே தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தது. டொக்டர் ஷ்டெட்லர் லக்சாயினியைக் கடந்து அவர்களை நோக்கி நடந்தார். கிழவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இன்னொரு தரம் நன்றி சொல்லக் கையை நீட்டினார்.