சக்களத்தி கேட்ட கேள்வி

கணவன் குளிக்கப் போயிருந்தான். டிவியில் வில்லுக்காரி ஒரு கூடாரத்தின் முன் உட்கார்ந்து நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலை முடிந்து வந்தவள், கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இடுப்பில் அடிபட்டு வீட்டோடு கிடக்கத் தொடங்கிய பிறகுதான் டிவியில் ஆடும் இந்த வீடியோ கேம் வீட்டுக்குள் வந்தது. அதில் அவனோடு வாளும் வில்லுமாக ஒரு கூட்டம் காடு காடாகச் சுற்றும். வில்லுக்காரி அதில் ஒருத்தி. அவளுக்குப் பிடித்ததைக் கொடுத்து, கேட்பதற்குப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே வந்தால் கல்யாணமும் செய்துகொள்ளலாம். செய்துகொண்டான். "அண்ணனுக்குச் சின்ன வீடு டிவிக்குள்ளயே இருக்கு அண்ணி, வாடகைகூட இல்ல" என்று நாத்தனார் சொன்னபோது இவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் வில்லுக்காரியின் பெயர் சக்களத்தி.

குழந்தை வயிற்றிலேயே இறந்த பிறகு, அவன் இவளிடம் பேசுவது சாப்பாடு, மருந்து, கரண்ட் பில் என்று சுருங்கிவிட்டது. அன்றும் அவன் அழவில்லை. டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். ஆனால் வில்லுக்காரி ஏதாவது கேட்டால், திரையில் வரும் பதில்கள் எல்லாவற்றையும் படித்து, யோசித்து, மறுபடி படித்து, பிறகுதான் அழுத்துவான். அந்தப் பொறுமையைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

வில்லுக்காரி நிமிர்ந்தாள். போர் முடிந்த பிறகும் என்னோடு இருப்பாயா என்று எழுத்துகள் ஓடின. கீழே மூன்று பதில்கள். கடைசிவரை இருப்பேன். முதலில் போர் முடியட்டும். எனக்குத் தெரியவில்லை.

இவள் கன்ட்ரோலரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் இவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ அதையே அழுத்தினாள். தெரியவில்லை.

வில்லுக்காரி மோதிரத்தைக் கழற்றிக் கல்மேல் வைத்துவிட்டு மரங்களுக்குள் நடந்து மறைந்தாள்.

துண்டோடு வந்தவன் திரையைப் பார்த்து நின்றான். பிறகு கன்ட்ரோலரை வாங்கி, காடு முழுக்க ஓடித் தேடினான்.

"அவகிட்ட என்ன சொன்ன?"

"தெரியலன்னு. திரும்பப் போட்டுக்கலாம்ல?"

"முடியாது. நான் வச்சிருக்கிற செட்டிங்ல சொன்னது சொன்னதுதான். அழிக்க முடியாது."

துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். முதுகு குலுங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இவள் எதிர்பார்த்து நின்ற அழுகை. முதுகில் கை வைத்தாள். அவன் விலக்கவில்லை, கை அங்கே இருப்பதே அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"அதே கேள்விய ஒருநாள் என்கிட்ட கேளுங்களேன்."

அவன் துண்டிலிருந்து முகத்தை எடுத்தான். "நீ திருப்பி என்னைக் கேட்டா? என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியாது. அங்கன்னா கீழ எழுதியிருக்கும்."

அப்போதாவது கேட்டுவிடுவானோ என்று நின்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தான். இவள் சமையலறைக்குப் போய் அரிசியைக் களைந்தாள். கதவு வழியே திரை தெரிந்தது. விளையாட்டில் அவனாக வரப்போகிற, இன்னும் முகம் தேர்ந்தெடுக்கப்படாத புது ஆள் ஒருவன், மொட்டைத் தலையோடு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்றுகொண்டிருந்தான். இவள் பக்கம் திரும்பினான். பிறகு முதுகு தெரிந்தது.