பாதி உழுத வயல்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுதப் போகவில்லை. உழுது விதைப்பவர்களையும் உழாமல் விதைப்பவர்களையும் பார்த்துப் பேசி, ஒரு விவசாயப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத்தான் போனேன். உழாதவர்கள் பழைய பயிரின் தாளை அப்படியே விட்டு, மண்ணில் கீறல் போடும் கருவியால் விதையை உள்ளே இறக்கிவிடுகிறார்கள். ஈரம் தங்குகிறது, டீசல் மிச்சம். களைதான் உயிரை வாங்குகிறது, முதல் சில வருஷம் விளைச்சலும் காலை வாரும் என்றார்கள். கட்டுரையை முடித்துக் கொடுத்துவிட்டேன். ஓர் அக்காவும் தம்பியும் மட்டும் அதில் அடங்கவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: விடிந்தும் விடியாத வேளையில், பனி படர்ந்த கோதுமை வயலில்...

வேண்டாம். தம்பி உழுதது சாப்பிட்ட பிறகு, நல்ல வெயிலில்.

இரண்டாம் முயற்சி: அக்காவின் வயலைப் பார்க்கும்போதெல்லாம் தம்பிக்குக் கை ஊறும். [இது இருக்கட்டும்.] அவன் கூலிக்கு உழும் டிராக்டர்காரன். அவன் போடும் சால் நூல் பிடித்தமாதிரி இருக்கும். அவன் கண்ணுக்கு அக்காவின் வயல் தலை வாராத பிள்ளை.

அக்கா பிடிவாதக்காரி. உழவை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் விளைச்சல் சுமார்தான். "இந்த ஒரு தடவைதான். தேறலேன்னா பழையபடி உழவு. பேச்சு மாறக்கூடாது" என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் கருவியை வாடகைக்கு வரவழைத்துக் கோதுமை விதைத்தாள். மறுநாளே வீட்டுக்காரரைக் கண் ஆபரேஷனுக்கு நகரத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். தம்பி அப்போது வேறு ஊரில் உழுதுகொண்டிருந்தான்.

அவன் திரும்பி வந்தபோது சுற்றிலும் எல்லா வயலும் விதைத்துக் கிடந்தன. அக்கா வயலில் மட்டும் பழைய தாள். பாவம், ஆஸ்பத்திரி அலைச்சலில் விதைக்கவே முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். கேட்டால் வேண்டாம் என்பாள். கேட்காமல் உழுதுவைப்போம், வந்ததும் விதைத்துக்கொள்ளட்டும் என்று கலப்பையை இறக்கினான்.

3

இங்கே எனக்கொரு சந்தேகம் வந்தது. ஊரெல்லாம் அக்கா வழிக்குப் போனால் இவன் பிழைப்பு என்னாவது? நல்ல மனசோடுதான் உழுதானா? ஒரு பத்தி முழுக்க இவனைக் கள்ளனாக்கி எழுதிப் பார்த்தேன். சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து நடந்ததோடு ஒட்டவில்லை, அடித்துவிட்டேன்.

நடந்தது இது. பாதி வயலை முடித்துத் திரும்பும்போது, பின்னால் புரண்ட மண்ணில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இறங்கி எடுத்துப் பார்த்தான். முளைவிட்ட கோதுமை. உழாத பக்கம் ஓடி, குந்தி, தாளை விலக்கினான். அடியில் வரிசை பிசகாமல் பச்சை.

"என் சாலைவிட நேரா இருந்துச்சுங்க" என்று என்னிடம் சொன்னான்.

(அடிக்குறிப்பாகக் கொள்க: கள்ளன் என்றால் மீதியையும் உழுதுவிட்டு, எனக்கென்ன தெரியும் என்று போயிருப்பான். இவன் கலப்பையைத் தூக்கிவிட்டு வரப்பில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னான். அவள் "சரி, வரேன்" என்று வைத்துவிட்டாள்.)

4

ஊர் வந்ததும் அக்கா நேரே வயலுக்குத்தான் வந்தாள். கண்ணில் மூடியோடு வீட்டுக்காரர் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தார். அக்காவின் கண்களில் நீர் தளும்ப... [இல்லை. அவள் அழவில்லை.]

"விதைச்சிருக்குன்னு உனக்குத் தோணவே இல்லையாடா?"

"தோணலக்கா. உழாத மண்ணப் பாத்தா, ஒண்ணுமே செய்யாம கெடக்கிற மாதிரிதான் தெரியுது."

"ஊரே அப்படித்தான் சொல்லுது. நீயுமா?"

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

விதைத்த வயலை உழுதவன் என்று தெரிந்தால் ஊர் அவனைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். அப்புறம் யார் உழக் கூப்பிடுவார்கள்? மறைத்தால், அவளே தோற்று உழவுக்குத் திரும்பியதாக ஆகிவிடும். இந்த ஒரு தடவையும் அதோடு போச்சு.

மாமா வந்து சேர்ந்தார். நல்ல கண்ணால் உழுத பாதியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏம்மா, நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப மாப்ளைக்குப் போன் போட்டுட்டியா? உழவுதான் சரின்னு இப்பவாவது புரிஞ்சுதே."

5

அக்கா சொன்ன முடிவு: தம்பி முந்திக்கொண்டான். "அக்கா ஒண்ணும் சொல்லல மாமா. விதைச்சது தெரியாம நான்தான் உழுது தொலைச்சேன்."

தம்பி சொன்ன முடிவு: அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "ஆமா, நான்தான் உழச் சொன்னேன்" என்றுவிட்டாள்.

இரண்டு பேரிடமும் தனித்தனியாகத்தான் பேசினேன். யாரோ ஒருவர் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறார், அதுவும் தன்னைக் குறைத்துக்கொண்டு. மாமாவைக் கேட்டேன். "கண்ணு உறுத்திட்டு இருந்துச்சு, கவனிக்கல. டீ ஆறுது, குடிங்க" என்றார்.

அடுத்த விதைப்பு முடிந்ததும் அந்த வயலைப் பார்த்தால் தெரிந்துவிடும்: உழுதிருந்தால் தம்பி சொன்ன முடிவு, தாள் கிடந்தால் அக்கா சொன்னது. பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். அந்தப் பக்கம் போக நேர்ந்தபோது நான் மறுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு இரண்டு முடிவும் வேண்டும்.

நீங்கள் போனால் பாருங்கள். வயல் ஒன்றும் செய்யாமல் கிடக்கிறமாதிரி தெரிந்தால், உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். இறங்கிப்போய்த் தாளை விலக்கிப் பாருங்கள்.