மூன்று கோட்டிங் கறுப்புப் பெயிண்ட்

"இப்ப என்ன கலர்?" காருக்குப் பின்னாலிருந்து கத்தினார் கணவர் கெல்வின்.

"பச்சை... இல்ல, சிவப்பு. இரு, மறுபடி பச்சை!"

"ஏதாவது ஒண்ணைச் சொல்லு, நோலி!"

"அது ஒண்ணுல நின்னாத்தானே நான் சொல்றதுக்கு?"

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த குட்டிப் பெட்டியை நோலீன் முறைத்தாள். பச்சை எரிந்தால், பின்னால் இழுத்துவரும் கேரவனின் பிரேக் சொன்னபடி கேட்கும். சிவப்பு என்றால், அந்த இரண்டு டன்னும் காரைத் தள்ளிக்கொண்டு வரும். நாளைக் காலை கன்னிங்ஹாம் கணவாயில் இறங்கியாக வேண்டும். கெல்வினுக்குக் கண் ஆபரேஷன் ஆனதால் ஓட்டப்போவது அவள்தான். கீழே இப்ஸ்விச்சில் மகள் ஜொடீனின் வீட்டை வெள்ளம் நாசமாக்கியிருந்தது. நாளை மாலை அவள் கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியை விட்டு வந்து தங்குவதற்கு இந்தக் கேரவன்தான் வீடு.

கேரவன்கள் இரவு தங்கும் அந்த முகாமில் யாராவது காரின் பானெட்டைத் தூக்கினால் போதும், அக்கம்பக்கத்து ஆண்கள் மடக்கு நாற்காலியும் பியரும் கையுமாக வந்துவிடுவார்கள். அன்று வந்தவர் பக்கத்துக் கேரவன் டட்லி.

"ஃப்யூஸா இருக்கும்" என்றார். ஃப்யூஸ் நன்றாகத்தான் இருந்தது.

"அப்போ பிளக்ல புழுதி." துடைத்தார்கள். பச்சை வந்தது. டட்லி பியரை உயர்த்தினார். சிவப்பு வந்தது.

"கேரவன்ல லைட் எல்லாம் எரியுதே" என்றாள் நோலீன். "கரண்ட் வராமலா எரியுது?"

"அதான் எனக்கும் புரியல" என்றார் கெல்வின்.

"நேத்து மத்தியானம் குண்டும் குழியுமா ஒரு ரோட்டுல வந்தோமே, அப்போ பூரா பச்சை. காலையில மட்டும் எப்பவும் சிவப்பு. குலுங்கினா சரியாகிற வியாதி உண்டா?"

"வண்டி உன்னை மாதிரிதான் நோலி, காலையில முகம் கொடுத்துப் பேசாது" என்றார் டட்லி.

"கிண்டல் இருக்கட்டும். கெல், காலையில கிளம்பறதுக்கு முன்னாடி நீ என்ன பண்றே?"

"என்ன பண்றேன்... கேரவனை மாட்டற பந்துல கிரீஸ் போடறேன். கீச்சுனு சத்தம் வரக்கூடாதில்ல."

டட்லியின் சிரிப்பு நின்றது. இரண்டு முனையிலும் கிளிப் வைத்த தடித்த ஜம்பர் கேபிளை எடுத்துவந்தார். ஒரு முனையைக் காரின் இரும்பில் கவ்வவிட்டார், மறுமுனையைக் கேரவனின் முன்சட்டத்தில்.

"சிவப்புதான்" என்றாள் நோலீன்.

"பிடிக்க மாட்டேங்குதே. ஏம்ப்பா கெல், இவ்வளவு தடிமனாவா பெயிண்ட் அடிப்பே?" கிளிப்பின் பல்லால் சட்டத்தைச் சுரண்டினார் டட்லி.

"ஐயோ, சுரண்டாதே! மூணு கோட்டிங்! ஜொடீன் வர்றான்னு இப்பத்தான் அடிச்சேன்!"

"பச்சை!" என்றாள் நோலீன். "பச்சை. நிக்குது. நின்னுக்கிட்டே இருக்கு!"

கெல்வின் குனிந்து சட்டத்தின் அடியைத் தடவினார்.

"எர்த் வயர்" என்றார் மெதுவாக. "போல்ட்டைக் கழட்டிட்டு அழகா அடிச்சேன். காய்ஞ்சதும் பெயிண்ட் மேலயே திருப்பி முறுக்கிட்டேன்."

"பெயிண்ட்ல கரண்ட் பாயாதே. அதனால பிரேக் கரண்ட் திரும்பிப்போக வழியில்லாம அந்தப் பந்து வழியாப் போயிருக்கு" என்றார் டட்லி. "நீ தினமும் காலையில கிரீஸ் பூசி அதையும் அடைச்சிருக்கே. குலுங்கினப்போ கிரீஸ் விலகி இரும்பும் இரும்பும் தொட்டிருக்கு."

கெல்வினே உப்புத்தாளால் தேய்த்தார். பளபளக்கும் கறுப்புக்கு நடுவே வெள்ளையாக இரும்பு தெரிந்தது. போல்ட்டை முறுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க நோலீனுக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் கணவாயின் உச்சியில், லாரிகளைச் குறைந்த கியருக்கு மாற்றச் சொல்லும் பலகை வந்தது. குட்டிப் பெட்டியில், கேரவன் பிரேக்கை மட்டும் பிடிக்கும் பொத்தானை நோலீன் மெல்ல அழுத்தினாள். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தது போல் கேரவன் வேகத்தைத் தடுத்தது.

"பிடிக்குது கெல்."

"பிடிக்குது."

"ஆனா எனக்கு இன்னும் புரியல. அப்போ லைட் மட்டும் எப்படி எரிஞ்சுது?"

"அதுக்கு வேற எர்த், நோலி. அதாவது பிளக்லேருந்து..."

வளைவு வந்தது. கீழே பள்ளத்தாக்கு பனியோடு விரிந்தது.

"வேண்டாம், சொல்லாதே. இப்பத்தான் கொஞ்சம் தைரியம் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அவள் சரிவில் இறங்கினாள்.