எட்டு புள்ளி மூன்று

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கண் எதற்கு இருக்கிறதென்றே தெரியவில்லை என்பது அந்தக் கல்லூரி ஆய்வுக்கூட உதவியாளரின் நெடுநாள் புகார். கையிலிருக்கும் கண்ணாடிக் குழாயை விட்டுவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். குழாய் உடைந்தால், அதுவாகவே நழுவியது என்று சாதிப்பார்கள். போதாததற்கு இப்போது ஏஐ என்று ஒன்று வந்து, வீட்டுப்பாடத்தை எல்லாம் அதுவே எழுதித் தருகிறதாம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் வருடத்துக்கு வருடம் வேலை நீட்டிப்பு வாங்கிக்கொண்டு அந்த அறையைத் திறந்து பூட்டுகிறவர். யார் மீதும் நம்பிக்கை கிடையாது. எதற்கெடுத்தாலும் வெடிப்பதால் பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் 'கடுகு' என்பார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் மேசை துடைக்கையில் அவர் முழங்கை பட்டு எலக்ட்ரானிக் தராசு கீழே விழுந்தது. எடுத்து வைத்தார். விளக்கு எரிந்தது. பத்து கிராம் எடைக்கல்லை வைத்தால் மட்டும் பத்தரை காட்டியது. சொன்னால் நீட்டிப்புக்கு வேட்டு. எடை போடுகிறவன் எவனாவது கத்துவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார். அடுத்த நாள் இருபத்தெட்டுப் பேர் வந்து இரும்புத் துண்டின் அடர்த்தியைக் கண்டுபிடித்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் கத்தவில்லை.

இன்று அந்த வகுப்பிலிருந்து கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"தாத்தா, நீங்கதான் எனக்குச் சாட்சி சொல்லணும். நான் இங்க எடை போட்டேன்ல?"

"நான் என்ன கோர்ட்டா நடத்தறேன்? என்ன ஆச்சு?"

"ரிப்போர்ட்டோட ஒரு ஃபார்ம் குடுக்கணும், ஏஐய எதுக்குப் பயன்படுத்தினோம்னு. இங்கிலீஷைத் திருத்தச் சொன்னேன், அதை எழுதினேன். மத்தவங்க எல்லாரும் பயன்படுத்தவே இல்லைன்னு எழுதிட்டாங்க. அவங்களுக்கெல்லாம் புக்ல இருக்கற மாதிரியே ஏழு புள்ளி ஒன்பது. எனக்கு மட்டும் வேற. அளவுகளையும் ஏஐதான் இட்டுக்கட்டிச்சுன்னு மேடம் சொல்றாங்க. சாயங்காலத்துக்குள்ள நிரூபிக்கலைன்னா முட்டை. அடுத்த வருஷமும் இதே பாடம்தான்."

"அது பக்கம் போகாம இருந்திருந்தா இந்த வம்பே இல்லையே."

"ஃபார்ம்ல சொல்லிட்டு, மொழியை மட்டும் திருத்திக்கலாம்னு மேடமேதான் சொன்னாங்க."

"திருடப் போறேன்னு சீட்டு எழுதி வெச்சிட்டுப் போனா, அது திருட்டு இல்லையா?" என்று குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்துக் கேட்டார். "உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"எட்டு புள்ளி மூணு. நாலு தடவ போட்டேன்."

அவர் கை தண்ணீருக்கடியிலேயே நின்றது. அவர் கணக்கில் புலியில்லை. ஆனாலும் அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

குழாயை மூடினார். தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எடைக்கல்லைக் கையில் பொத்திக்கொண்டு, நேராக விரிவுரையாளர் அறைக்குப் போனார். அந்த அம்மாள் தேநீர்க் கோப்பையை அவசரமாக நகர்த்தினார்.

"என்னங்க இது?"

கல்லை வைத்தார். பத்தரை.

"மூணு வாரமா இப்படித்தான் மேடம். நான்தான் தட்டிவிட்டேன்."

"மூணு வாரமா! ஏன் சொல்லல?"

"மொதல்ல எடை போடறவங்க சத்தம் போடுவாங்கன்னு இருந்தேன். இந்தத் தராசுல போட்டா அந்தப் பொண்ணு எழுதினதுதான் வரும். புக்ல இருக்கறது வராது. யாருக்கெல்லாம் வந்துச்சோ, அவங்களக் கேளுங்க."

விரிவுரையாளர் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏழு புள்ளி ஒன்பது, பயன்படுத்தவில்லை. ஏழு புள்ளி ஒன்பது, பயன்படுத்தவில்லை. பாதிக்கு மேல் புரட்டவில்லை. வெளியே நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, அவளுடைய ரிப்போர்ட்டில் போட்டிருந்த சுழியை அடித்துக் கையெழுத்திட்டார். மற்ற இருபத்தேழையும் ரப்பர் பேண்ட் போட்டுத் தனியே வைத்தார். பிறகு கிழவரிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"நடந்ததை எழுதிக் குடுத்துடுங்க. பிரின்சிபாலுக்கு அனுப்பியாகணும். என்னால மறைக்க முடியாது."

"மறைக்கச் சொல்லி நான் வரலியே."

வராந்தாவில் அந்தப் பெண் கூடவே நடந்தாள். "தாத்தா, எனக்காக நீங்க..."

"உனக்காக ஒண்ணும் வரல. நாலு தடவ போட்டவ, ஒரு தடவயாச்சும் வந்து தராசு சரியில்லைன்னு என்னைத் திட்டியிருக்க வேணாமா?"

"நான்தான் தப்பாப் போடறேன்னு நெனச்சேன்."

"நெனப்ப, நெனப்ப."

அவள் தாளைப் பார்த்தாள். "நீங்க சொல்லச் சொல்ல நான் போன்ல ஏத்தறேன். ஏஐ பிழை மட்டும் எடுத்துக் குடுக்கும். வார்த்தை உங்களோடதுதான். வேணும்னா கீழ அதையும் போட்டுடலாம்."

"தட்டினது என் முழங்கை. அதுக்கு என்ன தெரியும்?"

"அதுக்குத் தெரிய வேணாம் தாத்தா, நீங்கதானே சொல்லப் போறீங்க. வேலை விஷயம். கொஞ்சம் நல்லா எழுதினா..."

"பிழையோடயே படிக்கட்டும். எனக்கென்ன மார்க்கா போடப் போறாங்க?"

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார். அவள் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் தராசை இடுக்கியபடி திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.