விலகு, மூன்று தடவை

“அக்கா, உன் வகுப்பை நிறுத்திடு. இல்லேன்னா என் கையால ஒரு உயிர் போயிடும்.”

விடிந்ததும் விடியாததுமாக வந்து டீச்சரிடம் இப்படிச் சொன்னான் தம்பி. இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுபவன் அவன். மொழி தெரியாமல் அங்கே வேலைக்கு வந்திருக்கும் பத்துப் பேருக்கு, தினமும் வேலை தொடங்குமுன் ஒரு மணி நேரம் வார்த்தைகள் சொல்லிக்கொடுப்பவள் அவள்.

“என்னடா உளர்றே?”

“உன் நெட்டையன் இருக்கானே, நேத்து அவன் தலைக்கு மேல குழாய்க் கட்டு ஆடுது. நான் மேலேயிருந்து ‘விலகு’ன்னு கத்தறேன். அவன் அண்ணாந்து பார்த்து, பல்லைக் காட்டி, என்கிட்டயே திருப்பி ‘விலகு’ங்கறான். ஒரு அடி நகரலை.”

“அவனுக்கா தெரியாது? வகுப்பிலேயே சுத்தமாச் சொல்றவன் அவன்தான்.”

“சொல்றதெல்லாம் சுத்தம்தான். ஆள் நகரணுமே!”

“ஹாரன் அடிக்கறதுதானே?”

“அது கெட்டு நாலு நாளாச்சு. சூப்பர்வைசர் இன்னிக்கு, நாளைக்குங்கறார். இப்போ என் வாய்தான் ஹாரன்.”

அன்று வகுப்பில் அவள் முதலில் எடுத்ததே அந்த வார்த்தையைத்தான். “விலகு.”

“விலகு! விலகு! விலகு!” பத்துப் பேரும் அவள் வாயையே பார்த்தபடி கோரஸாகச் சொன்னார்கள். ஒரு வார்த்தைக்கு மூன்று தடவை. அதுதான் அவள் வழக்கம். நெட்டையன் சொல்லி முடித்துவிட்டுப் பாராட்டுக்காக நிமிர்ந்து நின்றான். ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. ஆனால் இன்னதென்று பிடிபடவில்லை. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கிடங்கில் வெளியாட்கள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு இப்பால் போய் நின்றுகொண்டாள்.

குழாய்க் கட்டு கிரேனின் பெல்ட்டில் தொங்கியபடி மேலே எழும்பியது. பாதி வழியில் ஒரு பக்கம் சாய்ந்தது.

“பெல்ட் வழுக்குது! விலகு! விலகுடா!” தம்பியின் குரல் உடைந்தது.

கட்டுக்கு நேர் கீழே நெட்டையன். அவன் மேலே பார்க்கவில்லை. டீச்சர் நிற்பதைப் பார்த்துவிட்டான்.

“விலகு!” என்று அலறினாள் அவள்.

“விலகு! விலகு! விலகு!” என்றான் அவன், முகமெல்லாம் மலர்ந்து.

அந்த நொடியில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. சொல்லச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறாள். நகர ஒருநாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்னொரு தடவை கத்தினால் இன்னும் மூன்று தடவை சொல்லிக்கொண்டு அங்கேயே நிற்பான். மேலே குழாய்கள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன.

“டீ!” என்று கத்தினாள். “டீ வந்தாச்சு!”

அது அவள் சொல்லிக்கொடுக்காத வார்த்தை. வகுப்பில் யாரும் அதை மூன்று தடவை சொல்லிப் பார்த்ததில்லை. கிடங்கில் தினமும் கேட்டுப் பழகியது; காதில் விழுந்தால் கால் தானாகக் கிளம்பும். நெட்டையன் நாலே எட்டில் அவளிடம் வந்து சேர்ந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால் குழாய்கள் சரிந்து விழுந்தன. தரை அதிர்ந்தது.

“டீ எங்கே, டீச்சர்?” என்றவன் திரும்பிப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தம்பி ஏணியில் இறங்கி ஓடி வந்தான். “அக்கா, நான் இப்போ...”

“பேசாதேடா. எதுவும் பேசாதே.”

மறுநாள் காலை. ஹாரன் சரியாகாமல் மேலே ஏறமாட்டேன் என்று தம்பி ஏணியடியிலேயே உட்கார்ந்திருந்தான். வகுப்பில் டீச்சர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். “வாயை மூடுங்க. யாரும் சொல்லக் கூடாது.” பிறகு, “விலகு!”

முதலில் ஒருவரும் அசையவில்லை. அவளே ஓடிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்று காட்டினாள். மறுபடி சொன்னதும் பெஞ்சுகள் கவிழ்ந்தன. பத்துப் பேரும் சுவருக்கு ஓடினார்கள். நெட்டையனின் உதடு பழக்கதோஷத்தில் அசைந்தது. ஆனால் கால் முந்திக்கொண்டது.

“இன்னொரு தடவை,” என்றாள். பிறகும் இன்னொரு தடவை.

தம்பி எழுந்து வந்து கதவு வழியாகத் தலையை நீட்டினான். “போதும்க்கா. மூச்சு வாங்கறாங்க பாரு.”

“இருடா,” என்றாள் அவள். “விலகு!”