கரகரப்பு

"டிவிய அந்தப் பக்கம் தள்ளு சாமி, பொட்டிய இங்கதான் வெக்கோணும்" என்றாள் அம்மா ரோசி.

மெர்லின் வயர்களைப் பிடுங்கினாள். டிஸ்க் பிளேயரில் கை பட்டதும் அப்படியே நின்றுவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் போட்ட படம் இன்னும் உள்ளேயே இருந்தது.

அப்பா உபகாரசாமி விடியற்காலையில் போய்விட்டார். இருதய நோய்க்காரர், டாக்டர் முன்பே கைவிரித்திருந்தார். அதனால் அழுகையில்கூடக் களைப்புதான் இருந்தது.

சங்ககிரிப் பக்கம் லாரிக்காரர்களிடம் கைநீட்டாத ஏட்டு என்று பெயர் எடுத்தவர். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மேட்டூர், பரமத்தி வேலூர், ஆத்தூர் என்று மாற்றல் வந்துகொண்டே இருக்கும். ரோசி சட்டிபானையைக் கட்டிக்கொண்டே இருப்பாள். பிழைக்கத் தெரியாத மனுசன் என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பள்ளிக்கூட வயதில் டெண்டுக் கொட்டகையில் பார்த்தது. ஊரையே விலைக்கு வாங்கிய இன்ஸ்பெக்டர், கொட்டும் மழையில் ஒரு கவரை நீட்டி, "வெச்சுக்க, கண்ணை மூடிக்க" என்கிறான். கான்ஸ்டபிள் தலையைக் குனிந்து "மாட்டேங்க" என்கிறான். அதோடு காட்சி மாறிவிடும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் போலீசில் சேர்ந்தேன் என்று அப்பா சொல்லாத விருந்து கிடையாது.

அந்தப் படத்தைச் சுத்தம் செய்து டிஸ்க்கில் விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மெர்லின் ஆசையாக வாங்கி வந்தாள். நேற்றுச் சாயங்காலம் அப்பாவுக்குப் போட்டுக் காட்டியபோது, கழுவிவிட்ட கண்ணாடியாகப் படம் துலங்கியது. சத்தமும்தான். அதுதான் வினையாகிவிட்டது.

கான்ஸ்டபிள் தலையைக் குனிந்தான். "ஆகட்டுங்க" என்றான்.

கொட்டகைக் கரகரப்பில் முன்பாதி தேய்ந்துபோய், அது ஒரு பையன் காதில் 'மாட்டேங்க' என்று விழுந்திருக்கிறது. அதை நம்பி அவன் ஒரு வாழ்க்கையையே வாழ்ந்துவிட்டான்.

அப்பாவுக்குக் காது மந்தம், கேட்டிருக்காது என்று மெர்லின் நினைத்தாள். அவர் கையைத் தூக்கினார்.

"திருப்பிப் போடு."

போட்டாள்.

"இன்னொருக்கா."

மறுபடியும் போட்டாள்.

"அவன் என்ன சாமி சொல்றான்?"

"மாட்டேங்கறானுங்கப்பா."

அவர் திரையைப் பார்க்கவில்லை. மகள் முகத்தையே பார்த்தார். ஏட்டுக்குப் பொய் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு, "ஆகட்டும் சாமி. நிறுத்திரு" என்றார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

ஆயுசு முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்ததைக் கடைசி நாளில் நானே பிடுங்கிவிட்டேனோ என்று காலையிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது.

சவப்பெட்டி வந்தது. அப்பாவோடு வேலை பார்த்த மாரியப்பன் மாலையோடு வந்து, கால்மாட்டில் நின்று மூக்கைச் சிந்தினார். சங்ககிரியிலேயே இருந்து மாடிவீடு கட்டியவர் அவர்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா அம்மிணி?"

மெர்லின் இந்தத் தடவை உள்ளதைச் சொன்னாள். "ஆகட்டும்னாருங்க மாமா."

"அந்த வார்த்தையா?" என்றாள் ரோசி. புருஷனின் முகத்தைப் பார்த்தபடியே பேசினாள். "எத்தன ஆபீசரு கேட்டாங்க. ஒருத்தருக்கும் ஆகட்டும்னு சொல்லலீங்களே இந்த மனுசன். புள்ள பீசுக்காச்சும் வாங்கிட்டு வாங்கன்னு நாங்கூடக் கெஞ்சினேன். எனக்கே சொல்லலீங்க."

மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

மெர்லின் பிளேயரைத் திறக்கவில்லை. பீரோவிலிருந்து வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வந்து, டிவிக்கும் அதற்கும் சேர்த்துப் போர்த்தினாள். ஒரு வயர் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து அதையும் உள்ளே தள்ளினாள்.