கை சொன்னதும் இதயம் சொன்னதும்

மாவு மில் நடத்தும் அம்மாவை ஆய்வுக்கூடத்துக்கு இழுத்து வருவதற்குள் மகளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சத்தம் கேட்டால் இதயத்துடிப்பு எப்படி மாறுகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. மெல்லிய சத்தத்துக்கு இதயம் 'என்ன அது?' என்பதுபோல ஒரு நொடி நிதானிக்கும். பெரிய சத்தத்துக்கு எகிறும். சோதனைக்கு ஆள் கிடைக்காமல் அலைந்தவள் கடைசியில் அம்மாவைப் பிடித்தாள்.

வெளிச்சத்தம் புகாத சின்ன அறை. அம்மாவின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, மைக்கில் சொன்னாள் மகள்.

"சத்தம் கேட்டா கையைத் தூக்கும்மா. அவ்வளவுதான்."

"இது ஒரு பெரிய வித்தையா? போடு, பார்த்துடலாம்."

பெரிய சத்தத்துக்குத் துடிப்பு எகிறியது. நடுத்தரச் சத்தத்துக்குச் சற்றே தணிந்தது. மெல்லிய சத்தத்துக்கும் அம்மா டாண் டாண் என்று கையைத் தூக்கினாள். ஆனால் துடிப்பு மட்டும் இம்மியும் அசையவில்லை.

கருவியில் கோளாறோ என்று எல்லாவற்றையும் சரிபார்த்தாள். ஒன்றுமில்லை. பிறகுதான் சந்தேகம் தட்டியது. ஹெட்ஃபோனை அணைத்துவிட்டு, சத்தம் எழுப்பும் பொத்தானைச் சும்மா அழுத்தினாள். அம்மாவின் கை விறுக்கென்று மேலே போயிற்று!

மகளுக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. உள்ளே போய் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"என் விரலைப் பார்த்துத்தானே கையைத் தூக்கினே? எத்தனை நாளாம்மா காது சரியா கேக்கலை?"

"யார் சொன்னா?"

"உன் இதயம் சொல்லுது. அதுக்கு உன்னை மாதிரி நடிக்கத் தெரியலை."

அம்மா அசடு வழிந்தாள். "வெளியே சொல்லாதேடி. மில்லுக்காரிக்குக் காது மந்தம்னு தெரிஞ்சா, நைஸா அரைக்கச் சொன்னதைக் கொரகொரன்னு அரைச்சுடுவேன்னு ஒருத்தரும் வரமாட்டாங்க."

ஆனாலும் மகள் விடவில்லை. அடுத்த வாரமே காதுக்குள் அடங்குகிற மெஷின் ஒன்று வந்தது. அதை மாட்டிய மறுநாள் காலை, அம்மா குளியலறை வாசலில் மலைத்துப்போய் நின்றாள். உள்ளே அப்பா முகத்தை மழித்துக்கொண்டே மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்.

"நீங்க பாடுவீங்களா?"

அப்பா திரும்பினார். கன்னத்தில் பாதி நுரை. "வருஷக்கணக்கா தினமும் பாடறேனே! ஒரு நாள்கூட நீ நிறுத்தச் சொன்னதில்லைன்னு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?"

"சுருதி எங்கேயோ போகுது." அம்மா கதவில் சாய்ந்துகொண்டாள். "பரவாயில்லை, முதல்லேருந்து பாடுங்க."

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.